மிளகு மரத்திலிருந்து விழுந்த தம்பிக்கு

தம்பி, ஆஸ்பத்திரிவாசம் முடிந்து, காரவள்ளியிலிருந்து நம் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் படுத்தபடியே ஏறி வீடு வந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். சில்வர் ஓக்கில் ஏணி வைத்து மிளகு பறிக்கப்போய், முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவன்தான் நானும். உனக்கு மூத்தவன் என்பதால் சொல்கிறேன். கீழே உள்ளதைக் கேட்பதும் விடுவதும் உன் இஷ்டம். முதல் இரண்டை மட்டும் கேட்டே ஆகவேண்டும்.

1. முதலில் தோலைக் காப்பாற்று. மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லி ஊரே வந்து பேசும், படுக்கைப்புண்ணைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படு, முடியாவிட்டால் புரட்டிவிடச் சொல். வீல்சேரில் உட்கார்ந்தால் கால் மணிக்கு ஒருமுறை கைப்பிடியில் கை ஊன்றி உடம்பைத் தூக்கு, இல்லையென்றால் முன்னால் சாய்ந்தாவது நிமிர். தினமும் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்து வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் பார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினாலும் நிறம் மாறவில்லையென்றால் அந்தப் பக்கம் பாரம் படவே கூடாது. உடனே நர்சிடம் காட்டு. புண் எலும்பைத் தொட்டுவிட்டால் மாதக்கணக்கில் குப்புறப்படுக்கை, சில சமயம் உயிருக்கே ஆபத்து.

2. மார்கழிப் பனியில் நம் வீடுகளில் எல்லோரும் அடுப்படியில்தான் உட்காருவோம். நீ தள்ளி உட்கார். கால் சுடுவது உனக்குத் தெரியாது, நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். வேலூர் சி.எம்.சி.யில் இருந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் விரல்களை வருஷக்கணக்கில் ஆராய்ந்து கண்டது இதைத்தான். அந்த விரல்கள் தானாக அழுகி விழவில்லை. வலி தெரியாததால் சுட்டும் வெட்டுப்பட்டும் கவனிக்காமல் போனவை. நம் காலுக்கும் அதே கதைதான். வெந்நீரில் முதலில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் காலை விடு. சிறுநீர்க் குழாய் விஷயத்தில் டாக்டர் சொன்ன நேரத்தைத் தவறவிடாதே. போகும் வேலை மிச்சம் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதே, கிட்னி கெட்டுவிடும்.

3. எண்ணெய் தடவுகிறேன், எழுப்பி நடக்கவைக்கிறேன் என்று ஆட்கள் வருவார்கள். எட்டுக்கை அம்மனுக்கு வேண்டிக்கொள், நானும் வேண்டியவன்தான். ஆனால் காட்டை அடமானம் வைத்து வைத்தியம் தேடிப் போகாதே. நரம்பு முழுசாக அறுந்ததா, பாதி பிழைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் நேராகக் கேள். பாதி பிழைத்திருந்தால் முதல் ஒரு வருஷத்தில் கொஞ்சம் திரும்ப வாய்ப்புண்டு, அதற்கு உடற்பயிற்சிதான் வழி. முழுசாகப் போயிருந்தால் அதையும் தெரிந்துகொள். தெரிந்த பிறகு அழுகை வரும். ஆகாயகங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் இனி நீ இறங்கப்போவதில்லை. அதற்கு அழுதால் யாரும் உன்னைக் கோழை என்று சொல்ல உரிமையில்லை.

4. உறவுக்காரர்கள் மாரியப்பனைக் காட்டிக் குத்துவார்கள். நமக்குப் பக்கத்து மாவட்டம், சேலம் பெரியவடகம்பட்டிப் பிள்ளை. ஐந்து வயதில் பஸ் மோதி வலது கால் நசுங்கியது. 2016ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். கையைத் தட்டு, தப்பில்லை. ஆனால் அவருக்கு நசுங்கியது ஒரு கால், உனக்கு அடிபட்டது தண்டுவடம். மெடல் வாங்காதவன் முயற்சி செய்யாதவன் என்று யாராவது பேசினால் எழுந்து போகச் சொல்.

எனக்கு உதவியவர் வேறொருவர், மேரி வர்கீஸ். சி.எம்.சி.யில் டாக்டராக இருந்தவர். 1954ல் கார் விபத்தில் இரண்டு காலும் செயலிழந்தன. இனி ஆபரேஷன் செய்ய முடியாது என்று ஒதுங்கவில்லை. உட்கார்ந்தே செய்யக்கூடிய ஆபரேஷன் எது என்று பார்த்தார். தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, வேலூரில் அதற்கான துறையை நடத்தினார். 1966ல் மறுவாழ்வு மையம் திறந்தது. 1972ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருதை விடு. அவர் கேட்ட கேள்வியை எடுத்துக்கொள். நம் மலையில் உட்கார்ந்தே செய்யும் வேலைக்குப் பஞ்சமில்லை. காப்பிக்கொட்டை பொறுக்குவது, மிளகு தரம்பிரிப்பது, சாமை, தினை எடைபோட்டுப் பாக்கெட் கட்டுவது, தையல், சங்கத்துக் கணக்கு. மரம் ஏறினவனுக்கு இதெல்லாம் கௌரவக் குறைவாகத் தோன்றும், முதல் சம்பளம் கைக்கு வரும்வரை.

5. உன் சம்சாரமும் மனுஷிதான். ராத்திரி புரட்டிவிட அக்காள் தங்கச்சி, தம்பி என்று முறை வை. சோளக்காட்டுச் சந்தைக்கு அவள் தனியாகப் போய்வரட்டும்.

6. வீல்சேர் சமவெளிக்காரர்கள் செய்தது. நம் இறக்கத்தில் முகம் முன்னால் பார்க்க இறங்காதே. பின்பக்கமாக, கீழே ஒருத்தர் பிடித்துக்கொள்ள இறங்கு. மழைக்காலத்தில் பிரேக்கை வாரம் ஒருமுறை சோதி.

7. போன காலை ஏற்றுக்கொள், சரி. ஆபீஸ் வாசல் படியை எதற்கு ஏற்றுக்கொள்ளவேண்டும்? 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மக்கள் வந்துபோகும் கட்டடத்தில் நாமும் போய்வர வசதி இருக்கவேண்டும் என்கிறது. என்னை ஒரு இடத்தில் மூன்று பேர் மூட்டையாகத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்கள். அடுத்த தடவை நான் தூக்கவிடவில்லை. கீழேயே உட்கார்ந்து, மனுவில் கையெழுத்துப் போட அதிகாரியை இறங்கி வரச்சொன்னேன். முனகிக்கொண்டே வந்தார். சாய்தளம் கேட்டும் ஒரு மனு அன்றைக்கே கொடுத்தேன். நீயும் கொடு, சேர்ந்து கேட்டால் சீக்கிரம் நடக்கும்.

8. அடையாள அட்டை வாங்க வெட்கப்படாதே. சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, தண்டுவட பாதிப்பும் அதில் அடங்கும். 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு எழுதிக்கொடுத்தால்தான் இடஒதுக்கீடு, உதவித்தொகை எல்லாம் பேச முடியும். ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன், போட்டோ எல்லாம் ஒரே பையில் வை. முகாம் என்றைக்கு என்று போன் போட்டுக் கேட்காமல் மலை இறங்காதே. துணைக்கு ஆள் இல்லையென்றால் செம்மேட்டு டீக்கடையில் சொல்லிவை, நானும் வண்டியில் ஏறிக்கொள்கிறேன்.