பத்துத் தரம் அமுக்கினால் பத்திக்குமா?

ஒரு தை மாதம் நுவரெலியாவில் விருந்தினர் விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி. குளியலறைச் சுவரில் மாட்டியிருந்த கேஸ் வெந்நீர்க் கருவி டிக் டிக்கென்று மூன்று தரம் பொறி தட்டிப் பார்த்தது. பிறகு சின்னத் திரையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் காட்டிவிட்டு ஓய்ந்துபோனது.

“குளிருக்கு மிஷின் விறைச்சுப் போச்சு சேர். பத்துத் தரம் அமுக்கினா பத்திக்கும்” என்றான் விடுதித் தம்பி. அமுக்கவும் தொடங்கினான்.

மலைநாட்டில் கேஸ் கருவி எது நின்றாலும் பழி குளிர்மேல்தான் விழும். ஆனால் அந்தக் கருவி விறைக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தது. நெருப்பு வரும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கம்பிதான் அதன் கண். நெருப்பு மின்சாரத்தைக் கடத்தும். எரிந்தால் அந்தக் கம்பி வழியே மிகச் சிறிய ஓட்டம் போகும். போகாவிட்டால் சில விநாடிகளில் கேஸ் வால்வு மூடிக்கொள்ளும். பழைய அடுப்புகளில் இதே வேலையை, சூடேறினால் சில மில்லிவோல்ட் மின்சாரம் தரும் ஒரு முனை செய்கிறது. காற்று போதாவிட்டாலோ புகை வெளியேறாவிட்டாலோ நின்றுகொள்ளும் கருவிகளும் உண்டு. ஒவ்வொரு தரம் அமுக்கும்போதும் எரியாத கேஸ் கொஞ்சம் உள்ளே சேர்கிறது. பத்தாவது தரம் பத்திக்கொள்ளத்தான் செய்யும், ஆனால் சேர்ந்தது எல்லாம் ஒன்றாக.

வேலை தெரிந்த பாஸ் ஒருவர் வந்தார். கருவியைத் தொடவேயில்லை, முதலில் வெளியே போய்ப் புகைக்குழாயின் வாயைப் பார்த்தார். குளிர்காற்று வருகிறதென்று யாரோ அதில் சாக்குத்துணியைத் திணித்திருந்தார்கள். கருவி எரிந்திருந்தால் புகை முழுவதும் நான் குளிக்கும் அறைக்குள் திரும்பியிருக்கும்.

அந்த எழுத்துக்கும் எண்ணுக்கும் பொருள் கம்பனிக்குக் கம்பனி வேறு. கையேட்டைப் பார்க்காமல், பக்கத்து வீட்டுக் கருவியில் அது என்னவாக இருந்தது என்று கேட்டு முடிவெடுப்பதில் பயனில்லை. நாமே செய்யக்கூடியது கொஞ்சம்தான்: மணம் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா, புகைக்குழாயின் வாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பது, ஒரே ஒரு முறை நிறுத்திப் போடுவது. அதற்கு மேல் மூடியைக் கழற்றுவது பாஸின் வேலை. ‘அந்தக் கம்பியை விலக்கிவிட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

தோட்டத்து லயங்களில் வெந்நீர்க் கருவி ஏது? அங்கே பேச்செல்லாம் சிலிண்டரைப் பற்றித்தான். கேஸ் உறைந்துவிட்டது என்பார்கள். உறையவில்லை. சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் புரொப்பேன் மைனஸ் 42 பாகையில்கூடக் கொதித்து ஆவியாகும். பியூட்டேனுக்கு மைனஸ் அரைப் பாகை வேண்டும். ஆவியாவதற்கான சூட்டைத் திரவம் சிலிண்டரின் உடம்பிலிருந்தே உறிஞ்சுவதால் சிலிண்டர் சில்லிட்டுப்போகிறது. புரொப்பேன் முந்திக்கொண்டு போய்விடும், தீரும் தறுவாயில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். அதனால்தான் அட்டனில் விடியற்காலை கடைசிக் கிலோவில் சுடர் சுருங்குகிறது. சிலிண்டரைக் கொஞ்ச நேரம் ஓய விட்டால் தேறும். கொதிதண்ணீர் ஊற்றுவதும் படுக்கப்போட்டு உருட்டுவதும் வேறு கதை. முதலாவதில் உள்ளே அழுத்தம் கண்டபடி ஏறும். படுக்கப்போட்டால் ரெகுலேட்டருக்குள் ஆவிக்குப் பதில் திரவம் போகும், ஒரு பங்கு திரவம் ஏறக்குறைய 250 பங்கு கேஸாக விரியும்.

கேஸில் பலமில்லை, கலப்படம் என்ற குறையும் உண்டு. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். இதில் சிலிண்டரைத் திட்டி என்ன செய்வது? காற்று மெலிந்த இடத்தில் அடுப்பின் சூட்டுத்திறனும் குறையும். அமெரிக்காவில் 2000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1000 அடிக்கும் 4 சதவீதம் கழித்துக் கணக்கிடுவார்கள். கடற்கரை ஊருக்கென்று சரிசெய்த அடுப்பு இங்கே மஞ்சள் சுடர்விட்டுச் சட்டியில் கரி பூசினால், காற்று போதவில்லை என்று பொருள்.

ஆனாலும் எல்லாம் வதந்தியல்ல. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கை முழுவதும் கேஸ் அடுப்புகள் வெடித்தபோது ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டரில் புரொப்பேன் - பியூட்டேன் விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்றது. புரொப்பேன் கூடினால் அழுத்தம் கூடும், பழைய குழாயும் தளர்ந்த பூட்டும் கசியும். குளிர்மலைக்கு நன்றாக எரியும் கலவையே கசிவுக்கும் வழிவைக்கும் என்பது வேடிக்கைதான். அந்த நாட்களில் வீடுகளில் ரெகுலேட்டர் மேல் சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். நல்ல பழக்கம், விட்டுவிட வேண்டாம். தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு தேடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன! கேஸ் காற்றைவிடக் கனம், லயக் காம்பராவின் தரையோரம் தேங்கி நிற்கும். மணம் வந்தால் சுவிட்ச், ஃபேன் எதையும் தொடாமல் கதவைத் திறந்துவிட்டு ஸ்தோப்புக்கு வந்துவிட வேண்டும்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது ‘புகையில்லையே, பிறகென்ன பயம்’ என்ற பேச்சு. பிள்ளை பெற்றவள் அறையில் தணல் சட்டியை வைத்து, ஜன்னல் இடுக்கில் சாக்கைச் செருகிவிடுகிறார்கள். தணலில் புகை இல்லாதிருக்கலாம், கார்பன் மொனொக்சைட் இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒக்சிஜன் ஒட்டுவதைவிட 200 மடங்குக்கு மேல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கனடாவின் வூட்ஸ்டொக் நகரில் 2008 டிசம்பரில் கேஸ் கணப்பின் வெளிக்குழாய் அடைபட்டு நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பமே மாண்டது. அதன் பிறகுதான் ஒன்டாரியோ மாகாணத்தில் வீடுகளுக்கு இந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அபாய மணி கட்டாயமாகி, 2014 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இங்கே பெரும்பாலான வீடுகளில் அந்த மணி கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, குமட்டி, வெளியே வந்ததும் தேறினால் அது பனிக்குளிர்த் தடிமன் அல்ல. யாரையாவது எழுப்பியும் எழும்பாவிட்டால் வெளியே தூக்கிக்கொண்டு வந்து அம்புலன்சுக்கு, 1990-க்கு அழையுங்கள். சட்டியை எடுக்க மறுபடி உள்ளே போகாதீர்கள்.