பாதி வழி எங்கே தொடங்குகிறது?

அன்புள்ள வாசகருக்கு,

புனேயில் வாடகை பேசும்போது வீட்டு உரிமையாளர் "மீட் மீ ஹாஃப்வே" என்றாராம். சரி என்று தலையாட்டலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இறங்கி வருகிறேன், நீங்களும் ஏறி வாருங்கள் என்பதுதான் அதன் சாரம். இருவரும் தங்கள் தொகையைச் சொல்லிவிட்டு, பேச்சு நகராமல் நிற்கும்போது இப்படிச் சொல்வார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். அவர் 30,000 கேட்டு நீங்கள் 20,000 சொன்னால் பாதி 25,000. அவரே 36,000 என்று ஆரம்பித்திருந்தால் அதே பாதி 28,000 ஆகிவிடும். ஆகவே பாதி வழி எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

நீங்கள் இருக்கும் ஊரின் எரவாடா சிறையில் இதைவிடப் பெரிய பேரம் நடந்தது. 1932 ஆகஸ்டில் வந்த பிரிட்டிஷ் அரசின் வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தனியாகத் தேர்ந்தெடுக்கத் தனி வாக்காளர் தொகுதி தந்தது. அதை எதிர்த்து செப்டம்பர் 20 அன்று காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். சிறை முற்றத்து மாமரத்தடியில் கட்டிலில் கிடந்த அவரோடுதான் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவரான அம்பேத்கர் பேச வேண்டியிருந்தது.

செப்டம்பர் 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. நம்மவர்களான இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, ராஜாஜி ஆகியோரும் அதில் ஒப்பமிட்டார்கள். அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு, மாகாணச் சட்டசபைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தீர்ப்பில் 71 ஆக இருந்த இடங்கள் 148 ஆயின. அவற்றில் 30 சென்னை மாகாணத்துக்கு. தனி ஒதுக்கீட்டையே ஏற்காதிருந்த காந்தியும் ஒதுக்கீட்டுக்கு இசைந்தார்.

ஒதுக்கீடு தொடர வேண்டுமா என்று ஒடுக்கப்பட்ட மக்களிடமே வாக்கெடுக்க அம்பேத்கர் 10 ஆண்டு அவகாசம் கேட்டார். காந்தி 5 ஆண்டில் உறுதியாக நின்றார். நடுவில் ஏழரை என்று யாரும் முடிக்கவில்லை. ஆண்டுக் கணக்கையே எடுத்துவிட்டு, இரு தரப்பும் ஒப்பி முடிவு செய்யும்வரை ஒதுக்கீடு தொடரும் என்று எழுதினார்கள். கூட்டிக் கழித்துப் பாதியாக்காமல் சிக்கலை அவிழ்த்த இடம் அது.

ஆனாலும் அந்தப் பேச்சு சமதரையில் நடக்கவில்லை. காந்தி உயிரிழந்தால் அந்தப் பழி ஊர் ஊராக ஏழை எளிய ஒடுக்கப்பட்ட மக்கள்மீது விழும் என்ற அச்சம் இருந்தது. அம்பேத்கரால் எழுந்து போக முடியாது. அந்த நெருக்கடியை அவர் மறக்கவில்லை. 1945இல் வெளியான தம் நூலில் உண்ணாவிரதத்தைக் கடுமையாகச் சாடினார். 1947இல் அரசியல் நிர்ணய சபைக்கு அளித்த அறிக்கையில் தனி வாக்காளர் தொகுதியை மீண்டும் கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லும் வசதி இருவருக்கும் இருந்தால்தான் பாதி வழி நியாயம். எனவே அவசரப்படாதீர்கள். அதே பகுதியில் இன்னும் இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்டு, எழுந்து போகும் தெம்போடு திரும்ப உட்கார்ந்து பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்