பின்னால் வரும் பஸ்ஸுக்குத் தெரியட்டும்

பதினோராம் வகுப்பில் அரசு தருகிற சைக்கிளை வாங்கிய கையோடு தென்காசி ரோட்டில் ஏறிவிடும் பிள்ளைகளை ராஜபாளையத்தில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. அதனால் சாலையில் எப்படிப் போவது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதுமில்லை. நான் சொல்லுவதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: அடுத்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது பின்னால் வருகிற டிரைவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

1. மெயின் ரோட்டில் பழகாதீர்கள். ராஜபாளையத்தில் ஏதாவதொரு பள்ளி மைதானம், ஸ்ரீவில்லிபுத்தூரில் விடியற்காலை ரத வீதி போதும். ஆடிப்பூரத் தேர் சமயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்கி, பெடலைத் தொடாமல் காலாலேயே உந்திப் போங்கள். பேலன்ஸ் வந்தபின் பெடல். நாங்கள் குரங்குப் பெடல் அடித்து முட்டி தேயப் பழகினோம். அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம்.

2. வயதைக் காரணம் காட்டாதீர்கள், முக்கியமாகப் பெண்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பிள்ளையை முன்னால் உட்காரவைக்கலாம் என்று பார் வைத்த சைக்கிளையே விரும்பியவர்களும் உண்டு.

3. மைதானத்தை விட்டு வெளியே வருமுன் ஒரு பரீட்சை. தரையில் நீளமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு அதன்மேல் ஓட்டுங்கள். வலது தோள்வழியே திரும்பிப் பாருங்கள். புதியவர்களுக்குக் கழுத்து திரும்பிய பக்கமே ஹேண்டில்பாரும் திரும்பும். ரோட்டில் ஓர் அடி விலகினாலே போதும், லாரிக்குக் குறுக்கே போய்விட. திரும்பிப் பார்த்தும் கோடு தவறாமல், வலக்கையை நீட்டிச் சைகை காட்டியும் தடுமாறாமல் வருகிற வரைக்கும் மைதானம்தான்.

4. இடப்பக்கம் போகவேண்டும், ஆனால் தார் விளிம்பிலேயே போகக்கூடாது. விளிம்பில் மணல் சேர்ந்திருக்கும், தாருக்கும் மண்ணுக்கும் இடையில் சாண் அளவு பள்ளமும் இருக்கும். சக்கரம் அதில் இறங்கிவிட்டால், மறுபடி ஏற்றப் பார்க்கும்போதுதான் விழுவோம். இரண்டு மூன்றடி உள்ளே, ஒரே நேராகப் போங்கள். ஹார்ன் அடித்தவுடன் பதறி ஒதுங்காதீர்கள். எதிர்ப்பக்கத்தில் வருவது குறுக்குவழி அல்ல, ஆபத்து.

5. ஆடிக்காற்று நம் ஊருக்கே உரிய வாத்தியார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரும்போது மேற்குத்தொடர்ச்சி மலை வலப்பக்கம், காற்றும் அங்கிருந்துதான். அதைத் தாங்க உடம்பை வலப்பக்கம் சாய்த்தே ஓட்டுவோம். ஒரு லாரி நம்மைத் தாண்டும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். சாய்ந்த உடம்பு சைக்கிளை லாரிப் பக்கம் இழுக்கும். அது கடந்ததும் காற்று மறுபடி அறைந்து இடப்பக்கம் தள்ளும். லாரிச் சத்தம் நெருங்கும்போதே வேகத்தைக் குறைத்து, முழங்கையைத் தளர்த்தி, ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

6. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். நிறுத்தும் சக்தி முன்பிரேக்கில்தான் அதிகம். ஆனால் அதை மட்டும் சட்டென்று அழுத்தினால் தலைகுப்புற விழுவீர்கள். ஐப்பசி மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை பிடிக்காது. கொஞ்சம் முன்னதாகவே லேசாக அழுத்தி ஈரத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

7. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைகள் முன்னால் வெளியூர்க் கார்கள் நிற்கும். கதவு எப்போது திறக்கும் என்று சொல்லமுடியாது. நான்கடி தள்ளிப் போங்கள். நிற்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒருபோதும் நுழையாதீர்கள். இடப்பக்கம் திரும்பப்போகும் லாரியின் பக்கத்திலும் நிற்காதீர்கள்: அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்வாங்கித்தான் வளையும், நீங்கள் நிற்பது டிரைவர் கண்ணுக்கும் படாது.

8. மில் ஷிஃப்டுக்குப் போகிறவர்களே, தூக்குவாளியை ஹேண்டிலில் மாட்டாதீர்கள். ஆடிக்கொண்டே இருக்கும், பிரேக் பிடித்தால் முன்சக்கரக் கம்பிக்குள் போகும். கேரியரில் வைத்து ரப்பர் பட்டையால் கட்டுங்கள். துப்பட்டாவும் முந்தானையும் இடுப்போடு இருக்கட்டும். ஹெல்மெட் போடுங்கள்.

9. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மாலையில் ராஜபாளையத்துக்கும் போகிறவர்களுக்கு இரண்டு வேளையும் சூரியன் முகத்துக்கு நேரே. உங்களுக்குக் கண் கூசுகிறதென்றால் பின்னால் வருகிறவருக்கும் கூசும். வெளிர் நிறச் சட்டை, பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர். இருட்டினால் பின்னால் சிவப்பு விளக்கும், முன்னால் வெள்ளை விளக்கும் கட்டாயம்.

10. கை பழகியதும் செண்பகத்தோப்புப் பக்கமும் அய்யனார் கோயில் பக்கமும் போக ஆசை வரும். வரவேண்டியதுதான், அவ்வளவு அழகான வழிகள். ஆனால் அங்கேயுள்ள மலைக்காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். யானையும் உண்டு. வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்ட அனுமதி கேளுங்கள், தனியாகப் போகாதீர்கள், நன்றாக விடிந்தபின் கிளம்பி மாலை நான்கு மணிக்குள் இறங்கிவிடுங்கள். ஒரு பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கூடவே இருக்கட்டும். அங்கே கடை கிடையாது.