வருஷச் செலவும் மாதச் சம்பளமும்



ஒவ்வோராண்டும் ஜூன் மாதம் முதல் வாரத்தில் அறைவீட்டு வாசலில் சிலர் தயங்கித் தயங்கி நிற்பதைக் காண்கிறேன். பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்குக் கைமாற்றுக் கேட்க வந்தவர்கள். இவர்கள் சோம்பேறிகளல்ல, குடித்து அழிக்கிறவர்களுமல்ல. மளிகைக் கடைப் பாக்கி வைக்காமல் மாதா மாதம் குடித்தனத்தை ஒழுங்காக நடத்துகிறவர்கள். சென்ற ஆண்டு வந்த ஒரு தாயின் காதில் கம்மலில்லை, வேப்பங்குச்சி இருந்தது. “கம்மல் எங்கேயம்மா?” என்று கேட்டேன். “பெரியவன் பீசுக்குப் போயிடுச்சு சாமி. சின்னவளுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்” என்றாள். அதே கம்மல் அதற்கு முந்தின ஜூன் மாதமும் அதே அடகுக் கடைக்குப் போய், பொங்கலுக்குத்தான் வீடு திரும்பியதாம்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? கிறிஸ்மஸ் டிசம்பர் 25-ல் வரும் என்பது நம்மில் யாருக்குத் தெரியாது? ஆயினும் அவை வந்து நின்றவுடன் “திடீர்ச் செலவு” என்கிறோம். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுப்பது திடீர்ச் செலவு. அதற்கு வேறு பணம் வேண்டும்; அதைப்பற்றிப் பிறகொரு வாரம் எழுதுகிறேன். வருமென்று தெரிந்தும், மாதந்தோறும் வராத ஒரே காரணத்தால் நாம் மறந்துவிடுகிற செலவுகளைப்பற்றியே இன்று பேசுகிறேன்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாத வரவு ரூ. 24,000. வாடகையில்லாத சொந்த வீடு, இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டம்மாள் ஒரு நோட்டில் வருஷச் செலவுகளை மட்டும் எழுதுகிறாள். ஜூனில் பள்ளிச் சம்பளம், புத்தகம், யூனிபாரம் எல்லாம் சேர்த்து ரூ. 18,000. ஆகஸ்டில் வேளாங்கண்ணிப் பயணமும் கோயில் சந்தாவும் ரூ. 3,000. (சந்தாவை நான் எழுதாமல் விட்டால் அது நேர்மையல்ல.) ஐப்பசி மழைக்கு முன் செப்டம்பரில் கூரை பழுதுபார்க்க ரூ. 6,000. நகராட்சிக்கு வீட்டு வரி அக்டோபரில் ரூ. 900, ஏப்ரலில் ரூ. 900. கிறிஸ்மஸுக்கு ரூ. 9,000. ஜனவரியில் மோட்டார் சைக்கிள் இன்ஷூரன்சும் ரிப்பேரும் ரூ. 4,200. மார்ச்சில் ஆயுள் இன்ஷூரன்ஸ் ரூ. 6,000. கலியாண மொய் பிப்ரவரியில் ரூ. 3,000, மே மாதம் ரூ. 3,000. கூட்டிப் பாருங்கள்: ரூ. 54,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ரூ. 4,500.

ஆகையால் அந்தக் குடும்பத்தின் உண்மையான மாத வரவு 24,000 அல்ல, 19,500 தான். மீதி 4,500 ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம். கொடுக்கவேண்டிய நாள் மட்டுமே இன்னும் வரவில்லை. இதை ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம். பலர் நோட்டை இந்த இடத்தில் மூடிவிடுகிறார்கள்.

மொய்யை எப்படி முன்கூட்டி எழுதுவது என்று சிலர் கேட்கலாம். உங்கள் வீட்டு மொய் நோட்டைத் திறவுங்கள். உங்களுக்கு யார் யார் எவ்வளவு வைத்தார்கள், அவர்கள் வீட்டில் கலியாண வயதில் யார் இருக்கிறார்கள் என்பது அதைப் புரட்டினாலே தெரிந்துவிடும். அதைவிட நல்ல ஜோசியம் கிடையாது.

இனி, எந்த மாதத்தில் துவக்குவது? இங்கேதான் அநேகர் தவறுகிறார்கள். மேற்கண்ட குடும்பம் ஜூலையில் துவக்கினால் டிசம்பர் செலவு கழித்துக் கையில் ரூ. 8,100 நிற்கும், மே மாத முடிவில் 13,500 நிற்கும், ஜூன் மாதப் பணம் சேர்ந்தவுடன் சரியாக 18,000 ஆகிப் பள்ளிச் செலவு தீரும். வருஷம் முழுதும் ஒருநாளும் பற்றாக்குறையில்லை. அதே குடும்பம் புது வருஷ உற்சாகத்தில் ஜனவரியில் துவக்கினால் ஜூனில் கையிலிருப்பது 9,900 தான், ரூ. 8,100 குறையும். “எழுதி வைத்தும் கடன் வாங்கினோமே” என்று நோட்டைப் பரணில் போட்டுவிடுவார்கள். குற்றம் நோட்டினுடையதல்ல. மிகப் பெரிய செலவு முடிந்த மறுமாதமே துவக்குவதற்கு உகந்தது. காத்திருக்க மனமில்லாதவர்கள் ஜனவரி முதல் ஜூன்வரை ஆறு மாதம் மட்டும் 4,500-க்குப் பதில் 5,850 வைக்கட்டும். பிறகு 4,500 போதும்.

கொத்தனார், சித்தாள், பெயின்டர் வேலை செய்கிறவர்களே, உங்களுக்கு மாதக் கணக்குப் பொருந்தாது. மழைக்காலத்தில் வேலையே இராது. நீங்கள் வேலைநாள் கணக்கில் பிரியுங்கள். வருஷச் செலவு ரூ. 30,000, வேலை கிடைப்பது 250 நாள் என்றால் நாளொன்றுக்கு 120. சனிக்கிழமை கூலி வாங்கும்போது அந்த வாரம் ஆறு நாள் வேலையென்றால் 720, மூன்று நாளென்றால் 360. வேலையில்லாத வாரம் ஒன்றுமில்லை. அதற்காக வருந்தவும் வேண்டாம்.

பணத்தை எங்கே வைப்பது? அரிசிப் பானையில் வைத்த பணம் அரிசிக்கே போகும். குடும்பச் செலவு நடக்கும் கணக்கில் கலக்காமல் வங்கியில் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்து, ஏ.டி.எம். கார்டை வாங்காமலே விட்டுவிடுங்கள். தொடர் வைப்பு நல்லதுதான், ஆனால் தேதி பாருங்கள். ஜூன் 20-ல் துவக்கிய பன்னிரண்டு மாதத் தவணை மறு ஜூன் 20-ல்தான் முதிரும். பள்ளிக்கூடம் அதற்குள் திறந்துவிடும். தபால் நிலையத் தொடர் வைப்போ ஐந்து வருஷத்துக்குரியது. இந்தக் காரியத்துக்கு ஆகாது. நகைக்கடைச் சீட்டு முடிவில் நகை தரும். பள்ளிக்கூடத்தார் நகையை வாங்கமாட்டார்கள். பதிவில்லாத பண்டிகைச் சீட்டைப்பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. ஏமாந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள்.

“மாதம் 4,500 எடுத்து வைக்க முடியாது சாமி” என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வைக்காவிட்டாலும் கொடுக்கத்தான் போகிறீர்கள், வட்டியோடு. நூற்றுக்கு ஐந்து வட்டியில் பதினாயிரம் வாங்கினால் மாதம் 500. பத்து மாதத்தில் 5,000 போயும் அசல் அப்படியே நிற்கும். தண்டலில் 10,000 என்று எழுதிக் கையில் 8,500 கொடுத்து, நாள் நூறாக நூறு நாள் வாங்குகிறார்கள். நூற்றுக்குப் பதினெட்டுக்கும் குறைவுதானே என்று எண்ணாதீர்கள். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுப்பதால் உங்கள் கையில் சராசரியாக நிற்பது பாதிப்பணமே. கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தமிழ்நாட்டில் 2003-ம் வருஷச் சட்டம் தடுத்திருக்கிறது. தேவை மட்டும் தடைபடவில்லை.

உண்மையாகவே முடியாதென்றால் பட்டியலைக் குறையுங்கள். கிறிஸ்மஸுக்கு வீட்டிலுள்ள எல்லோருக்கும் புதுத்துணி வேண்டுமா, பிள்ளைகளுக்கு மட்டும் போதாதா என்று கணவனும் மனைவியும் ஜூலையிலேயே பேசுங்கள். டிசம்பர் 20-ல் ஜவுளிக்கடையில் நின்று பேசினால் சண்டைதான் வரும்.

அந்தத் தாயும் நானும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எழுதினோம். அவளுக்கு மாதம் ரூ. 2,300 வந்தது. ஐந்து மாதம் ஒழுங்காக வைத்தாள். ஆறாவது மாதம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று 4,000 எடுத்தாள். எடுத்ததை நோட்டில் எழுதியிருந்தாள். மூன்று மாதத்தில் திரும்ப வைத்தாள். இந்த ஜூன் மாதம் பீசுக்கு 1,100 மட்டும் குறைந்தது. கம்மல் காதிலேயே இருந்தது.

கணக்குப் போடத் தடுமாறுகிறவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு அறைவீட்டுக்கு வாருங்கள். உபதேசியாரும் நானும் இருப்போம். மொய் நோட்டையும், சென்ற வருஷப் பள்ளி ரசீதையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.