டெல்லி – லே: ஒன்றரை மணி நேரத்துக்குள் இமயத்தைத் தாண்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஜூன் மாதம் மகள் குடும்பத்தோடு லடாக் போகிறோம். டெல்லியிலிருந்து லே ஆயிரம் கிலோமீட்டர் என்கிறார்கள். விமானமோ ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடுமாம். மலைகளுக்கு நடுவே இத்தனை வேகம் ஆபத்தில்லையா? பாதி வழியில் விமானம் திரும்பிவிடுவதும் உண்டாமே? நினைத்தாலே தூக்கம் வரவில்லை.
– ம. சா., தாராபுரம்

பதில்: தைரியமாகப் போய் வாருங்கள் அம்மா. அந்த ஆயிரம் கிலோமீட்டர் மணாலி வழியாகப் போகும் சாலையின் கணக்கு. கணவாய்களில் ஏறி இறங்கி வளைந்து போவதால் அத்தனை நீளம். டெல்லிக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கிறது லே. வான்வழியில் சுமார் 620 கி.மீ.தான். எல்லா விமானங்களும் போகும் வேகத்தில்தான் இதுவும் போகிறது.

பெரும்பகுதி நேரம் சிகரங்களுக்கு மிக மேலேதான் பறப்பீர்கள். சிந்து நதிப் பள்ளத்தாக்கில் இறங்கும் கடைசிச் சில நிமிடங்களில்தான் இருபுறமும் மலை தெரியும். அங்கே இறக்குவதற்கென்றே தனிப்பயிற்சி பெற்ற விமானிகள்தான் ஓட்டுவார்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசும். சூட்டில் காற்று லேசாகி, தூக்குவிசையும் (இறக்கை விமானத்தைத் தாங்கும் விசை) குறையும். அதனால்தான் பெரும்பாலான விமானங்களைக் காலையிலேயே விடுகிறார்கள். மேகம் ரன்வேயை (ஓடுபாதையை) மறைத்தால் விமானி டெல்லிக்கே திரும்பிவிடுவார். துணிந்து இறங்கிப் பார்க்காமல் திரும்புகிறாரே, உங்கள் பாதுகாப்புக்கு அதைவிட என்ன வேண்டும்? ஊர் திரும்பும்போது மட்டும், லேயிலிருந்து டெல்லி வரும் அதே நாளில் அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. டெல்லி விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 237 மீட்டர் உயரம். லே விமான நிலையம் 3,256 மீட்டர். ஊட்டியைவிட ஆயிரம் மீட்டர் அதிகம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். மற்ற ஊர்களில் விமானம் இறங்க இறங்கக் கேபினுக்குள் (பயணிகள் அமரும் அறைக்குள்) அழுத்தம் கூடும். லேயில் இறங்கும்போது குறையும். இந்த ஏற்றம் முழுவதும் ஒரே காலையில் முடிந்துவிடுகிறது. உடம்பு பழகவோ சில நாள் ஆகும்.

ஆகவே முதல் இரண்டு நாள் விடுதியிலேயே ஓய்வெடுங்கள். தண்ணீர் வேண்டிய அளவு குடியுங்கள். பேரப்பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் கர்துங் லா கணவாயும் பாங்கோங் ஏரியும் அதன் பிறகுதான். இரண்டும் லேயைவிட உயரம். லேசான தலைவலி, குமட்டல், தூக்கமின்மை பலருக்கும் வரும். உயர நோயின் (உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் தொல்லை) ஆரம்பம் அது. குறையும் வரை மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே லேயிலுள்ள எஸ்.என்.எம். அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. மற்றவர் கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் டாக்டரைப் பார்த்து, இப்போது சாப்பிடும் மாத்திரைகளையும், சல்பா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். அதைப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.