கடைமடைத் தொட்டி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தை இரண்டு நாளாக விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆறு மீன் தொட்டிகள். ஒவ்வொன்றும் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முதல் தொட்டியில் விழும் தண்ணீர் இரண்டாவதற்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு என்று கடைசிவரை போகிறது. படம் அழகுதான். ஆனால் கீழ்வேளூர்க்காரன் நீ இப்படி வரைந்ததுதான் எனக்கு வருத்தம்.

ஜூன் 12-இல் மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, ஆறும் வாய்க்காலுமாகக் கிளைத்து உங்கள் ஊருக்கு வருவதற்குள் எத்தனை மதகுகளைத் தாண்டுகிறது! கடைமடை என்றால் என்னவென்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயலுக்கு வயல் பாய்கிற இடத்தில் மேல்வயலில் போட்ட உரமும் மருந்தும் கீழ்வயலில்தான் இறங்கும். உன் ஆறாவது தொட்டிக்கும் அதே கதி. மோட்டார் வேகமாக ஓடினால் அழுக்கின் வித்தியாசம் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவில் ஒரு குழாயை நத்தை அடைத்தால் போதும், வரிசை முழுவதும் நின்றுவிடும்.

அதனால் தொட்டிக்கு ஒரு மடை, தொட்டிக்கு ஒரு வடிகால். மேலே ஒரே பிவிசி குழாய் ஓடட்டும். அதிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கிளை, ஒரு பால் வால்வு. நிரம்பி வழிவது அந்தந்தத் தொட்டியின் துளை வழியாகக் கீழே பொதுக் குழாயில் விழுந்து, சம்ப் தொட்டிக்குப் போய், அங்கே வடிகட்டப்பட்டு மேலே ஏறட்டும்.

துளை போடப் பயந்து, வளைகுழாயைக் கவிழ்த்துத் தொட்டிகளை இணைக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு நள்ளிரவில் குழாய்க்குள் காற்று சேர்ந்து ஓட்டம் அறுந்தது. மேல்தொட்டி வழிந்து கூடம் நனைந்தது. சம்ப் வற்றி மோட்டார் கருகியது. துளையே போடு. டஃபன்டு கண்ணாடியில் மட்டும் போட முடியாது, தொட்டதும் நொறுங்கும். சாதாரணக் கண்ணாடிதானா என்று கடையில் கேட்டுக்கொண்டு வாங்கு.

மின்சாரம் நிற்கும் நேரத்தை வைத்துத்தான் சம்ப்பின் அளவை முடிவு செய்ய வேண்டும். உன் தொட்டியில் ஓர் அங்குலத் தண்ணீர் சுமார் 10.5 லிட்டர். ஆறிலும் ஓர் அங்குலம் இறங்கினால் 60 லிட்டருக்கு மேல் கீழே வரும். அவ்வளவு இடம் சம்ப்பில் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் குழாயின் வாய் ஆழத்தில் மூழ்கியிருந்தால் அதுவே தண்ணீரைத் திரும்ப உறிஞ்சத் தொடங்கும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை போட்டுவை. மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் நிற்கும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபின் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது உங்கள் மாவட்டம். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும் வாங்கி வை.

ஆறு தொட்டிகள் இருந்தாலும் தண்ணீர் ஒன்றுதான். இதை மறந்துதான் பலரும் மீன் வாங்குகிறார்கள். உங்கள் பக்கத்துக் கடலோர ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மோலியும் கப்பியும் செழிக்கும், நியான் டெட்ரா வாடும். இரண்டையும் தனித்தனித் தொட்டியில் விட்டுப் பிழைக்க வைக்கலாம் என்று நினைக்காதே. வெள்ளைப்புள்ளி நோய் ஒரு தொட்டியில் வந்தால் ஆறிலும் வரும். புதிதாக வாங்கும் மீனுக்கு, இந்த ஓட்டத்தோடு சேராத ஏழாவது தொட்டி ஒன்று கட்டாயம் வேண்டும்.

எல்லாம் கட்டியபின் நான்கிலிருந்து ஆறு வாரம் பொறு. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற அவ்வளவு நாளாகும்.

படத்தைத் திருத்தி அனுப்பு. அதுவரை கண்ணாடிக்கு முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அண்ணன்