ஜெராய் மலையடியில் ஒரு பாடம்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே நம் இளைஞர் பிரிவின் வாட்ஸாப் குழுவில் ஒரே கேள்விதான். “அண்ணே, இந்த வருசம் எங்கே போறோம்?” பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: லங்காவி, இல்லாவிட்டால் ஹட்யாய். கொஞ்சம் காசு சேர்ந்தால் பாலி. அப்படிப் பாலிக்குப் போய்க் கோவில் வாசலில் படம் எடுத்துவிட்டு வந்த தம்பி ஒருவர், “நம்ம சமயம் எங்கெல்லாம் பரவியிருக்கு பாருங்கண்ணே!” என்று வியந்தார். நான் கேட்டேன்: “லங்காவிக்குப் போகும்போது சுங்கை பட்டாணி தாண்டி நெடுஞ்சாலையில் இடப்பக்கம் ஒரு பெரிய மலை வருமே, அதன் அடியில் என்ன இருக்கிறது தெரியுமா?” தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானே முப்பது வயதுக்கு மேல்தான் அங்கே முதன்முதலாகப் போனேன்.

அது ஜெராய் மலை. உயரம் 1,217 மீட்டர். அதன் தெற்கு அடிவாரத்தில் மெர்போக் ஆறு கடலில் கலக்கிறது. மலைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட அந்த நிலப்பகுதிதான் லெம்பா பூஜாங், பூஜாங் பள்ளத்தாக்கு. வரலாற்றுப் பாடத்தில் ஒரு பக்கம் படித்திருப்பீர்கள். ஒரே நாளில் பழங்கோவில், கண்டல் காடு, மீனவர் கம்போங் மூன்றையும் பார்க்கக்கூடிய இடம் நம் நாட்டில் இதைப் போல இன்னொன்று எனக்குத் தெரியாது. இந்த மாதப் பாடத்தை அங்கேயே வைத்துக்கொள்வோம்.

சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங், பிறகு செமெலிங், பிறகு மெர்போக். அவ்வளவுதான் வழி. மெர்போக்கில் தொல்பொருள் அரும்பொருளகம் இருக்கிறது. பேருந்து வசதியை நம்ப வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு காடியில் போவது நல்லது. போன முறை நாங்கள் பன்னிரண்டு பேர் போனோம். பீடோங்கில் பசியாறிவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன்பே உள்ளே நுழைந்துவிட்டோம்.

கல்லைப் படிப்பது எப்படி

அரும்பொருளகத்தின் பின்னால் மேட்டில் இருப்பது சண்டி புக்கிட் பத்து பகாட். ‘பத்து பகாட்’ என்றால் உளியால் செதுக்கிய கல். பக்கத்திலேயே மெர்போக் கெச்சில் என்ற ஓடை கற்களின் மேல் சலசலத்து ஓடுகிறது. கோவிலைக் கட்டியதும் கருங்கல்லைக் கொண்டுதான்.

முதல் பார்வையில் எங்கள் பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். கோபுரம் இல்லை, சிலை இல்லை, கூரையும் இல்லை. முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் கல் அடுக்கு. “இவ்வளவுதானாண்ணே?” என்றாள் ஒரு தங்கை. சரி, உட்கார் என்றேன். நம்ம ஊர்க் கோவிலுக்குள் போனால் முதலில் எங்கே நிற்போம்? மண்டபத்தில். அங்கிருந்து எதைப் பார்ப்போம்? கர்ப்பக்கிருகத்தை. இப்போது இந்த அடித்தளத்தைப் பார். நீளமாக இருப்பது மண்டபம். அதன் முடிவில் உயர்ந்து சதுரமாக நிற்பது விமானத்தின் கீழ்ப்பகுதி. மண்டபத்தின் தரையில் நடுவே குழியுள்ள கல் ஆதாரங்கள் தெரிகின்றன அல்லவா? அவற்றில் மரத்தூண்களை நட்டு, மேலே மரமும் கீற்றும் கொண்டு கூரை போட்டிருக்கிறார்கள். மழை நாட்டில் மரம் மக்கிப்போகும். கல் மட்டும் நிற்கும். இதைச் சொன்ன பிறகு அந்தத் தங்கை தானாகவே எழுந்து போய் மண்டபத்து இடத்தில் நின்று விமானத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது கோவிலாகத் தெரியத் தொடங்கிவிட்டது.

இந்த இடத்தை 1936, 1937 ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவியும் தோண்டிப் பார்த்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் அவர்கள் குறித்து வைத்த இடங்கள் சுமார் 30. பின்னர் 1959, 1960இல் அலஸ்டேர் லாம்ப் சிதறிய கற்களை மீண்டும் அடுக்கி இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதே வளாகத்தில் பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் போன்ற ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த சண்டிகளும் இருக்கின்றன.

நம் பையன்களில் ஒருவர் பையிலிருந்து சூடம் எடுத்துவிட்டார். விமானத்தின் மேல் ஏற்றிக் கும்பிட வேண்டுமாம். அவருடைய பக்தியை நான் மதிக்கிறேன். ஆனாலும் தடுத்தேன். எண்ணெயும் குங்குமமும் புகையும் கல்லில் ஊறினால் போகாது. சட்டப்படி பாதுகாக்கப்படும் இடத்தில் நாம் கறை வைத்துவிட்டு வந்தால், அடுத்த குழுவை வேலிக்கு வெளியே நிறுத்தத்தான் செய்வார்கள். “அப்போ இது கோவிலா, அரும்பொருளா?” என்று அவர் கோபமாகக் கேட்டார். நல்ல கேள்வி. மண்டபத்து இடத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் நின்று ஒரு தேவாரம் பாடினோம். ஓடைச் சத்தமும் எங்கள் பாட்டும்தான். காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பெரியவர் பாட்டு முடியும்வரை அசையாமல் நின்று கேட்டார். அவர் கேள்விக்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை.

யார் கட்டியது?

திரும்பும் வழியில் எல்லோரும் சொல்வதை நம் பிள்ளைகளும் சொன்னார்கள்: “ராஜேந்திர சோழன் கட்டியது!” இதை இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ராஜேந்திரனின் கடற்படை 1025இல் கடாரத்தின் மீது படையெடுத்தது உண்மை. தஞ்சைக் கல்வெட்டில் அவனுடைய மெய்க்கீர்த்தி அதைச் சொல்கிறது. ஆனால் படையெடுத்து வந்தவன் இங்கே தங்கிக் கோவில்கள் கட்டினான் என்பதற்கு அந்த மெய்க்கீர்த்தியில் ஒன்றும் இல்லை. அவன் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது துறைமுகம். 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி ஈ-சிங் இந்தியாவுக்குப் போகும் வழியில் கெடாவில் இறங்கித்தான் கப்பல் ஏறினார். பட்டினப்பாலையில் வரும் ‘காழகம்’ இந்தக் கடாரம்தான் என்று உரையாசிரியர் காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள்.

இன்னொன்று, நாம் மறந்துவிடுவது. ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார்கள். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். அவர்கள் நம் துறைமுகத்தில் கட்டினார்கள். நம் வணிகர் அவர்கள் துறைமுகத்தில் கும்பிட்டார்கள். சண்டை பிறகு வந்தது.

ஏன் இங்கே இத்தனை வழிபாட்டு இடங்கள்? காற்றுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பாய்மரக் கப்பல் காற்றுக்குக் கட்டுப்பட்டது. ஒரு பருவக் காற்று வங்கக் கடலைக் கடந்து கொண்டுவந்து விடும்; திரும்பிப் போக எதிர்ப்பருவக் காற்று வரவேண்டும். அதுவரை மாதக்கணக்கில் இங்கேதான் இருப்பு. கடலில் வருகிறவனுக்குத் தூரத்திலேயே ஜெராய் மலை அடையாளம். ஆறு உள்ளே போகிறது. குடிக்கத் தண்ணீர், நிழல், விற்க வாங்க ஆள். ‘பெங்காலான்’ என்றாலே படகுத்துறை. பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் துண்டுகளும், மேற்காசியாவிலிருந்து வந்த கண்ணாடித் துண்டுகளும், மணிகளும் கிடைத்திருக்கின்றன. தங்குகிறவன் சாமி கும்பிடாமல் இருப்பானா? சைவன் சிவனைக் கும்பிட்டான், பௌத்தன் புத்தரை. கட்டிய கைகளில் பல உள்ளூர்க் கைகளாகவே இருந்திருக்கும். 2023இல்கூட ஜெராய்க்கு வடக்கே யான் வட்டாரத்தில் புக்கிட் சோராஸ் என்ற குன்றில் சுதைச் சிற்பங்கள் வெளிப்பட்டன; அவை பௌத்தச் சிற்பங்கள்.

ஆகவே “எங்க ஆளு கட்டினது” என்று மார்தட்டுவதைவிடப் பெரிய செய்தி அங்கே இருக்கிறது. பல இனத்தாரும் பல சமயத்தாரும் ஒரே ஆற்றங்கரையில் பிழைத்திருக்கிறார்கள். செமெலிங் போகும் வழியில் சுங்கை பத்து அகழ்விடத்தைப் பாருங்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அங்கே தோண்டி வருகிறார்கள். இரும்பு உருக்கிய உலைகள், காற்று ஊதும் களிமண் குழாய்கள், கசடு, படகுத்துறைக் கட்டடத்தின் செங்கல். எவ்வளவு பழமை என்பதில் அறிஞர்களுக்குள் வாதம் இருக்கிறது. அதற்குள் நாம் போக வேண்டாம். கொல்லன் பட்டறை நடந்த இடம் என்பதில் சந்தேகம் இல்லை.

பதினொன்றாம் எண்

வேல்ஸ் எண்ணிட்ட இடங்களில் 11ஆம் எண் இப்போது இல்லை. சண்டி 11 என்று சொல்வார்கள். வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது அது இடிக்கப்பட்டுவிட்டது என்று 2013ஆம் ஆண்டின் இறுதியில் செய்தி வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மழையையும் வெயிலையும் தாங்கிய அடித்தளம். நிலம் தனியாருடையது, அரசிதழில் பாரம்பரிய இடமாகப் பதிவாகவில்லை. செய்தி வந்த பிறகு நம் ஆட்கள் எல்லோரும் கொதித்தோம், நானும்தான். ஆனால் இடிபடுவதற்கு முன் அதை ஒரு தடவையாவது போய்ப் பார்த்தவர்கள் எங்கள் சங்கத்தில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தேன். ஒருவரும் இல்லை. அது இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

செமெலிங்கில் தேநீர்க் கடையில் ஒரு தாத்தாவைச் சந்தித்தோம். பால் வெட்டுத் தோட்டத்தில் பிறந்தவர். “நாங்க சின்னப்புள்ளையில பால் காட்டுக்குள்ள செங்கல் மேடு இருக்கும் தம்பி. அம்மா வெட்டி முடிக்கிற வரைக்கும் அதுமேல உக்காந்துதான் சோறு தின்போம். பழைய காலத்து வீடுன்னு நினைச்சோம்” என்றார். எந்த மேடு என்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்த வட்டாரத்துச் சண்டிகள் பலவும் ரப்பர் தோட்டத்துக்குள்தான் கிடந்தன. நம் பாட்டன்மார் அவற்றின் மேல் நடந்து பால் வெட்டினார்கள். பக்கத்திலேயே மரத்தடியில் முனீஸ்வரனுக்கும் மாரியம்மனுக்கும் கல் நட்டார்கள். பிறகு தோட்டம் விற்கப்பட்டு லயம் காலியானதும் அந்தக் கோவில்களில் சிலவும் பெயர்த்து வேறு இடத்துக்குப் போயின. அரும்பொருளகத்தில் இடம் மாற்றி வைத்த சண்டிகளைப் பார்த்தபோது எனக்கு அந்த நினைப்பே வந்தது.

ஆற்றில் ஒரு மணி நேரம்

மதியத்துக்குப் பிறகு செமெலிங் படகுத்துறையில் படகு பேசிக்கொள்ளலாம். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். அப்போதுதான் சேறு தெரியும். சேறு தெரிந்தால்தான் வேடிக்கை. ஒரு கை மட்டும் பெரிதான நண்டு அதை ஆட்டிக்கொண்டே இருக்கும். துடுப்பையே காலாக ஊன்றித் தத்தும் மீன் இருக்கிறது, மலாய்க்காரர்கள் ‘பெலாச்சாக்’ என்பார்கள். பாக்காவ் மரத்தின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, நீளமாக ஈட்டி போலத் தொங்கி, பின்பு சேற்றில் குத்தி நிற்கும்.

படகுக்காரரிடம் ‘பூத்தா பூத்தா’ மரம் எங்கே என்று கேளுங்கள். காட்டுவார், கூடவே “தொடாதே” என்றும் சொல்வார். ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ‘பூத்தா’ என்றால் குருடு, அதனால்தான் அந்தப் பெயர். அந்த மரத்துக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? தில்லை. ஆமாம், தில்லைநாதர், தில்லையம்பலம் என்கிறோமே, அதே தில்லை. சிதம்பரத்தின் தலவிருட்சம். ஒரு காலத்தில் சிதம்பரம் தில்லைக் காடாக இருந்ததால் வந்த பெயர். இப்போது அதைப் பார்க்க அங்கேயும் பிச்சாவரம் கழிமுகத்துக்குத்தான் போக வேண்டும். வாரம் தவறாமல் தேவாரம் பாடுகிற எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் தில்லை ஒரு மரம் என்று தெரியாது. படகில் அப்படி ஓர் அமைதி வந்தது பாருங்கள்.

தலைக்கு மேலே வெள்ளைத் தலையும் செம்பழுப்புச் சிறகுமாக வட்டமிடுவது கருடன். கும்பாபிஷேகத்தன்று வானத்தைப் பார்த்து எல்லோரும் காத்திருப்போமே, அந்தப் பறவைதான். கழிமுகமும் கண்டல் காடும் அதற்குப் பிடித்த இடம். சில இடங்களில் பயணிகளுக்குக் காட்டுவதற்காகக் கோழித்தோலை வீசிக் கருடனைக் கூட்டுகிறார்கள். படம் நன்றாக வரும், பறவைக்கு நல்லதில்லை. வேட்டையாடுகிற பறவையைப் பிச்சையெடுக்கப் பழக்குகிற வேலை அது. “வேணாம் பாக்சிக், சும்மா பார்த்தாலே போதும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்டுக்கொள்வார்கள்.

நேரமிருந்தால் ஆற்று முகத்தில் தஞ்சோங் டாவாய்க்குப் போகலாம். நெத்திலி காயும் மீனவர் கம்போங். அங்கிருந்து அக்கரைக்குப் பந்தாய் மெர்டேக்காவுக்குப் படகு போகிறது. மாலையில் சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம். சித்ரா பௌர்ணமி சமயமாக இருந்தால் ஊரே திருவிழாவாக இருக்கும்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒரு வேலை. வீட்டில் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள்: அவர்கள் பிறந்த தோட்டம் எது, அங்கே என்ன கோவில், எந்த மரத்தடியில் இருந்தது, இப்போது அந்தச் சாமி எங்கே. ஒரு தாளில் வரைபடமாகப் போட்டு எடுத்து வாருங்கள். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. மரத்தின் பெயர் மட்டும் விட்டுப்போகக் கூடாது.